ஜாஸ் பியானோ பழக எந்தப் புத்தகம்? அதற்கு முன்னால் ஒரு பாட்டு, ஒரு ஒலிப்பதிவு

எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டவரின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் மேற்கத்திய செவ்வியல் பியானோ படித்தவர். நொட்டேஷன் தங்குதடையில்லாமல் வாசிப்பார். ஜாஸ் மீது ஆசை வந்து ஆறு மாதமாகப் புத்தகங்கள், பிடிஎஃப்கள், வீடியோ பாடங்கள் என்று சேர்த்துக்கொண்டே போகிறார். தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்கிறார். ஆனாலும் ஒரு பாட்டை முழுதாக வாசிக்க வரவில்லை. வாசித்தாலும் ஜாஸ் மாதிரி ஒலிக்கவில்லை. "சரியான பயிற்சிப் புத்தகம் எது? எந்த வரிசையில் போவது?" என்பது கேள்வி.

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஏழு புத்தகம், இரண்டு வீடியோ பாடத்திட்டம், ஸ்கேல் அட்டவணைகள், ஒரு லிக் (மனப்பாடம் செய்யும் சின்ன மெட்டுத் துணுக்கு) தொகுப்பு. இவ்வளவு இருந்தும் ஒரு ஒலிப்பதிவின் பெயர்கூட அதில் இல்லை. எந்தப் பாட்டைப் பழகுகிறீர்கள் என்றும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

செவ்வியல் இசையில் தாளில் இருப்பதுதான் படைப்பு. அதை ஒழுங்காக வாசித்தால் முக்கால்வாசி வந்துவிடும். ஜாஸில் தாள் வெறும் ஞாபகக் குறிப்பு. ஒரு சின்ன உதாரணம்: எட்டில் ஒரு பங்கு ஸ்வரங்கள் தாளில் எல்லாம் சம அளவாகத்தான் எழுதியிருக்கும். வாசிக்கும்போது முதலாவது கொஞ்சம் நீளும், இரண்டாவது கொஞ்சம் குறுகும், அழுத்தம் பல இடங்களில் அந்தக் குறுகியதன் மேல் விழும். எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரே கணக்கு கிடையாது. மெதுவான காலத்தில் மூன்றாகப் பிரித்த நடைக்குப் பக்கத்தில் நிற்கும், வேகம் கூடக்கூடக் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். இதை எந்தப் புத்தகத்தாலும் எழுதிக் காட்ட முடியாது. காதால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் தாளில் உள்ளதைத் துல்லியமாக வாசிக்கிறீர்கள். ஜாஸாக ஒலிக்காததற்குக் காரணமும் அதுவே.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். ஒரு தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து, பயிற்சிகளை 12 சுருதியிலும் கைக்குக் கொண்டுவந்தேன். பாஸும் டிரம்ஸும் வாசிக்கிற இரண்டு பேரோடு முதன்முதலாக உட்கார்ந்த அன்று, ஒரு சாதாரண 12 பார் ப்ளூஸில் (நான்கு அடி கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று, அதுவே திரும்பத் திரும்ப வரும்), இரண்டாவது சுற்றிலேயே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டேன். முடிந்ததும் பாஸ் வாசித்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் பாட்டை யார் வாசிச்சு கேட்டிருக்கீங்க?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து யார் என்னிடம் பயிற்சிப் பொருள் பற்றிக் கேட்டாலும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

எனவே என் பதில்: முதலில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஒலிப்பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் அந்தப் பாட்டுக்கு வேலை செய்ய வரட்டும். அந்தப் பாட்டுக்கு உதவாத பக்கம் எவ்வளவு நல்ல பக்கமாக இருந்தாலும் இப்போதைக்கு மூடியிருக்கட்டும்.

முதல் பாட்டுக்கு நான் எப்போதும் சொல்வது டியூக் எலிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்'. 1942-இல் பதிவானது. மெட்டு முழுக்க ஜி, சி என்ற இரண்டே ஸ்வரங்கள். கைக்கு வேலையே இல்லை, அதனால் கவனம் முழுவதும் லயத்தின் மேல் போகும். அந்த இரண்டு ஸ்வரங்களையும் சரியான இடத்தில் சரியான நீளத்தில் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியும். பியானோக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இதில் உண்டு. ரெட் கார்லண்டின் 'க்ரூவி' (1957), ஆஸ்கர் பீட்டர்சனின் 'நைட் ட்ரெய்ன்' (1963) இரண்டு ஆல்பங்களுமே இந்தப் பாட்டோடுதான் தொடங்குகின்றன. ஒரே பாட்டை இரண்டு பெரிய பியானோ கலைஞர்கள், பாஸும் டிரம்ஸும் கூட இருக்க, எப்படிக் கையாளுகிறார்கள் என்று பக்கத்தில் பக்கமாக வைத்துக் கேட்கலாம். கார்லண்டோடு தொடங்குங்கள். பீட்டர்சனின் விரல் வேகத்தை இப்போது ரசித்தால் போதும், துரத்த வேண்டாம்.

இடது கைக்கு எந்தப் புத்தகமும் இல்லாமலே இந்தப் பாட்டைக் கொண்டு போகலாம். பியானோவின் நடுப்பகுதியில், மத்திய சி-க்குக் கீழே இருக்கும் இ-யையும் அந்த இ-க்கு மேலே உள்ள பி ஃப்ளாட்டையும் சேர்த்துப் பிடியுங்கள். அது சி 7 கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள். கார்டின் உயிர் அந்த இரண்டில்தான் இருக்கிறது. இப்போது இரண்டு விரலையும் ஒட்டினாற்போல் கீழே உள்ள கட்டைக்கு நகர்த்துங்கள்: இ ஃப்ளாட், ஏ. அது எஃப் 7. மறுபடி பழைய இடத்துக்கு வந்து, இந்த முறை ஒரு கட்டை மேலே போங்கள்: எஃப், பி. அது ஜி 7. ப்ளூஸின் மூன்று அடிப்படைக் கார்டுகளும் கைக்கு வந்துவிட்டன, கை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முதல் நான்கு பார் சி 7, அடுத்த இரண்டு எஃப் 7, அடுத்த இரண்டு மறுபடி சி 7. ஒன்பதாவது பாரில் டி மைனர் 7 போடலாம்: எஃப், சி. பத்தாவதில் எஃப் அப்படியே நிற்க, சி மட்டும் ஒரு கட்டை இறங்கி பி ஆகிறது. ஜி 7 வந்துவிட்டது. கடைசி இரண்டு பார் சி 7. கார்டுகள் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதை விரலும் காதும் சேர்ந்து உணர்ந்த பிறகு, வாய்சிங் (கார்டின் ஸ்வரங்களைக் கையில் எப்படி அடுக்குவது) பற்றிய புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பக்கங்கள் உங்களோடு பேசும். அதற்கு முன்னால் திறந்தால் அவை வெறும் கரும்புள்ளிகள்.

இனிப் புத்தகங்களுக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் உள்ளவற்றில் நான் கையாண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

'ரியல் புக்' என்பது பயிற்சிப் புத்தகமே அல்ல. 1970-களின் நடுவில் பாஸ்டனில் பெர்க்லீ மாணவர்கள் காப்புரிமை வாங்காமல் தொகுத்துக் கைமாற்றி விற்ற பாட்டுத் தொகுப்பு அது. 2004-இல் ஹால் லெனார்ட் நிறுவனம் உரிமைகளைப் பெற்று முறையான பதிப்பு கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஒரு மெட்டு, மேலே கார்டுகளின் பெயர். அவ்வளவுதான். செவ்வியல் பழக்கத்தில் வருகிறவர்கள் அந்த மெட்டை வலது கையிலும் கார்டை அடிப்படை நிலையில் இடது கையிலும் அப்படியே வாசித்துவிட்டு, ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று திகைப்பார்கள். மொட்டையாக இருப்பதுதான் அதன் வடிவம். மீதியை வாசிப்பவர்தான் போட வேண்டும். அதிலும் சில பாட்டுகளில் கார்டுகள் ஒலிப்பதிவோடு ஒத்துப்போகாது. சந்தேகம் வந்தால் தாளை நம்பாமல் பதிவில் பாஸ் என்ன வாசிக்கிறது என்று கேளுங்கள்.

மார்க் லெவினின் 'த ஜாஸ் பியானோ புக்' (1989) அருமையான நூல். ஆனால் அதை நாவல் மாதிரி வரிசையாகப் படிக்கக் கூடாது. முன்பகுதியிலேயே வரும் மூன்று ஸ்வர வாய்சிங் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடுத்த பல மாதங்களுக்கு அது போதும். பின்னால் வரும் ஸ்கேல் விஷயங்கள் எங்கேயும் ஓடிப்போகாது. உங்கள் கடிதத்தில் 'ஆல்டர்ட் ஸ்கேலை 12 சுருதியிலும் முடித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். அதை எந்தப் பாட்டின் எந்தப் பாரில் போட்டீர்கள்? ஒரு பாட்டில்கூட இடம் கிடைக்காத ஸ்கேல் விரலில் தங்காது.

சார்லி பார்க்கர் 'ஆம்னிபுக்' (1978) அவருடைய சாக்ஸஃபோன் சோலோக்களை நொட்டேஷனாகத் தருகிறது. பியானோக்காரர்களும் வலது கைக்கு நிறைய எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் நொட்டேஷன் நன்றாக வாசிப்பவர். அதைத் திறந்தால் இரண்டே நாளில் ஒரு பக்கத்தை வாசித்துவிடுவீர்கள், காது ஒன்றுமே கற்றுக்கொண்டிருக்காது.

இதற்கு நேர்மாறாக, ஆஸ்கர் பீட்டர்சன் இளம் பியானோ மாணவர்களுக்காக எழுதிய சிறு பயிற்சிகளும் மினுயட்களும் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல பாலம். முழுக்க எழுதப்பட்டவை, சின்னச் சின்னவை. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்து, தாளை மூடிவிட்டு, வேறொரு சுருதியில் வாசித்துப் பாருங்கள். அங்கேதான் பயிற்சி ஆரம்பிக்கிறது. ஹானனின் விரல் பயிற்சிப் புத்தகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1873-லிருந்து இருக்கிறது, விரலுக்கு வலு தரும், ஜாஸுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆறு வருடம் படித்த கைக்கு அது தேவையில்லை.

கூட வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்கு ஜேமி ஏபர்சோல்டின் ப்ளே-அலாங் வரிசை பெரிய துணை. முதல் தொகுதி 1967-இல் வந்தது. நிஜமான கலைஞர்கள் வாசித்த பின்னணி. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் பாஸும் டிரம்ஸும், மறுபக்கம் பியானோவும் டிரம்ஸும் வரும்படி பிரித்துப் பதிந்திருக்கிறார்கள். பியானோ வரும் பக்கத்தை அணைத்துவிட்டால் அந்த நாற்காலி உங்களுடையது. இன்னொன்றும் செய்யலாம்: பியானோ பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவர் எந்த இடத்தில் கார்டு போடுகிறார், எந்த இடத்தில் சும்மா இருக்கிறார் என்று கேளுங்கள். சும்மா இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது எனக்கு மிகவும் உதவியது. ஐரியல் ப்ரோ செயலியும் வசதியானதுதான். வேகம், சுருதி எல்லாம் மாற்றலாம். ஆனால் கணினி வாசிக்கும் பின்னணி உங்களுக்குப் பதில் சொல்லாது, ஸ்விங்கும், அதாவது முன்பு சொன்ன அந்த நீளல் குறுகலும், கற்றுத்தராது. கார்டுகள் நினைவில் நிற்கின்றனவா என்று சோதிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் வண்ணக் கட்டைகள் மேலிருந்து விழும் வீடியோக்களை விட்டுவிடுங்கள். எந்த விரல் எங்கே என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. அடுத்த பாட்டுக்கு எடுத்துப்போக அதில் எதுவும் மிஞ்சாது.

இப்போது முக்கியமான பயிற்சிப் பொருளுக்கு வருகிறேன். அதைக் கடையில் வாங்க முடியாது. நீங்களே காதால் இறக்கி எழுதும் சோலோதான் அது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) ஆல்பத்தில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்று ஒரு பாட்டு. அந்த ஆல்பத்தில் மற்றதிலெல்லாம் பியானோ பில் எவன்ஸ், இதில் மட்டும் விண்டன் கெல்லி. பி ஃப்ளாட் சுருதியில் 12 பார் ப்ளூஸ். மெட்டு முடிந்ததும் முதல் சோலோவே பியானோதான். வேகமும் மிதமானது. தொடங்குகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

முழு சோலோவை எடுக்காதீர்கள். முதல் 12 பார் போதும். பியானோவைத் தொடாமல் ஒரு வாரம் கேளுங்கள், கேட்டுக் கேட்டுக் கூடவே பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, ஸ்வரம் சரியாக விழுந்தால் போதும். பியானோ கலைஞரும் ஆசிரியருமான லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களை சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை முதலில் பாடத்தான் வைத்தார். பாட வராத ஒரு வரி விரலில் வந்தாலும் அது இரவல்தான். பாட வந்த பிறகு யூட்யூபின் வேகத்தை 0.5-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தாலும் சுருதி மாறாது. இரண்டு பார், இரண்டு பாராகக் கட்டைகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கெல்லி எந்த ஸ்வரத்தை அழுத்துகிறார், எதை விழுங்கிவிடுகிறார், அடிக்கு எவ்வளவு பின்னால் வைக்கிறார் என்று பாருங்கள். தாளில் எழுதுவது கடைசி வேலை. இணையத்தில் கிடைக்கும் தயார் நொட்டேஷனை நீங்கள் முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் எடுங்கள்.

இந்த 12 பாருக்கு ஒரு மாதம் ஆகலாம். அது தாமதம் இல்லை. என்னிடம் படித்த ஒருவருக்கு முதல் நான்கு பாருக்கே இரண்டு வாரம் பிடித்தது. நான்கு பாரையும் பதிவோடு சேர்த்து வாசித்த அன்று, அதுவரை எத்தனை முறை சொல்லியும் வராத அந்த நீளல் குறுகல் அவர் கையில் தானாக வந்து உட்கார்ந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து எதைப் பழகுவது என்று எப்படித் தெரியும்? வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வாசிப்பைக் கைபேசியில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். அதே நாளில் கேட்டால் வாசித்த ஞாபகம் காதை மறைக்கும். தாளம் ஓடுகிறது அல்லது இழுக்கிறது என்றால் புதிய கார்டு எதுவும் வேண்டாம். மெட்ரோனோமை 2, 4 அடிகளில் விழும்படி வைத்து அதே பாட்டையே வாசியுங்கள். எந்த பாரில் இருக்கிறோம் என்பது தவறுகிறது என்றால், இடது கையில் கார்டு போட்டுக்கொண்டு மெட்டை வாயால் பாடுங்கள். வலது கை ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவது போலவே கேட்கிறதா? அப்போது தேவை இன்னொரு ஸ்கேல் புத்தகம் அல்ல, காதால் இறக்கிய இன்னும் நான்கு பார். இடது கை ஒவ்வொரு கார்டுக்கும் தாவித் தாவித் தடுமாறுகிறது என்றால்தான் வாய்சிங் பயிற்சி. குறை பொருளைத் தேர்ந்தெடுக்கட்டும். விளம்பரமும் மற்றவர்களின் பரிந்துரையும், என்னுடையது உட்பட, அதற்குப் பிறகுதான்.

பில் எவன்ஸ் 1966-இல் தன் அண்ணன் ஹாரியோடு பேசும் ஒரு படம் இருக்கிறது. முடிந்தால் பாருங்கள். பெரிய விஷயத்தை அரைகுறையாகத் தொட்டுவிட்டுப் போவதைவிட, எவ்வளவு எளிமையானதாக இருந்தாலும் அந்த அளவில் முழுக்க உண்மையாகவும் தெளிவாகவும் வாசிப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கருத்தை அவர் பியானோவில் வாசித்துக் காட்டியே விளக்குவார். பயிற்சிப் பொருளைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்றுவரை அளவுகோல் அதுதான். ஒரு பக்கத்தைப் பார்க்கிறேன். இதில் ஒரு சின்னப் பகுதியையாவது இன்று இரவுக்குள் தாளைப் பார்க்காமல், தாளம் விடாமல், எனக்கே பிடிக்கும்படி வாசிக்க முடியுமா? முடியாது என்றால் அது எனக்கு இப்போதைய பொருள் இல்லை.

உங்கள் முக்கால் மணி நேரத்தை நான் பிரிப்பதாக இருந்தால் முதல் கால் மணி நேரம் கெல்லிக்கு: கேட்பது, பாடுவது, பிறகு தேடுவது. நடுவில் இருபது நிமிடம் 'சி ஜாம் ப்ளூஸ்', இடது கையில் அந்த இரண்டு ஸ்வரக் கார்டுகளோடு. மீதிப் பத்து நிமிடம் எந்தத் திட்டமும் இல்லாமல் அதே ப்ளூஸில் மனோதர்மமாக வாசியுங்கள், தப்பினாலும் நிறுத்தாமல். இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். செவ்வியல் படித்தவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். தவறு செய்தால் நின்று திருத்தும் பழக்கம் அவர்களுக்கு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

தாள் இல்லாமல், பாஸும் டிரம்ஸும் மட்டும் உள்ள பின்னணியோடு, மூன்று சுற்று இடம் தவறாமல் வாசிக்க வந்தால் இரண்டாவது பாட்டுக்குப் போகலாம். அது ஜோசஃப் கோஸ்மா இசையமைத்த 'ஆட்டம் லீவ்ஸ்' ஆக இருக்கட்டும். ஜி மைனரில் எடுத்தால் முதல் எட்டு பாரிலேயே சி மைனர் 7, எஃப் 7, பி ஃப்ளாட் மேஜர் 7 என்று மேஜருக்கு ஒரு 2-5-1 (அந்தச் சுருதியின் 2, 5, 1-ஆம் ஸ்வரங்களில் எழும் கார்டுகளின் வரிசை) வரும். இ ஃப்ளாட் மேஜர் 7-ஐத் தொட்டுவிட்டு, ஏ ஹாஃப் டிமினிஷ்ட், டி 7, ஜி மைனர் என்று மைனருக்கு இன்னொன்று. எத்தனையோ பாட்டுகளுக்கு இந்த இரண்டு நடைகள்தான் அடித்தளம். ஹேங்க் ஜோன்ஸ் பியானோ வாசித்த கேனன்பால் ஆடர்லியின் 1958 பதிவையும், பில் எவன்ஸ் ட்ரியோவின் 1959 பதிவையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லெவின் புத்தகத்தில் அந்த மூன்று ஸ்வர வாய்சிங் அத்தியாயத்தைத் திறக்க வேண்டிய நாள் அன்றுதான்.